இரைச்சல் இசையில் காலூன்ற: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரைச்சலையே இசைப்பொருளாகக் கொள்ளும் இந்த இரைச்சல் இசையை நம்பி, இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம். ஜப்பானிய இரைச்சல் இசையின் முன்னோடிகளில் ஒருவரான தோஷிஜி மிகாவா, 1981இல் 'இன்கபாசிடன்ட்ஸ்' என்ற பெயரில் தனியாளாகத் தொடங்கியவர். பகலில் வங்கி ஊழியர். இரவில், உலகம் அதுவரை கேட்டிருந்த மிக உக்கிரமான ஒலிகளை மேடையேற்றியவர். பிறகு அவருடன் சேர்ந்துகொண்ட ஃபுமியோ கொசகாயும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். இருவரையும் யாரும் பகுதி நேரக் கலைஞர்கள் என்று சொல்வதில்லை. மாதச் சம்பளம் இருந்ததால் யாருக்காகவும் ஒலியைக் குறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே இங்கே 'தொழில்' என்று நான் சொல்வது முழு வருமானத்தைத் தருகிற ஒன்றை அன்று. இருபது, முப்பது வருடங்கள் விடாமல் செய்யக்கூடியதாக, செலவைத் தானே ஈடுகட்டுவதாக, அவ்வப்போது கையில் கொஞ்சம் பணமும் தருவதாக ஒரு கலை வாழ்க்கையை அமைத்துக்கொள்வதையே அப்படிச் சொல்கிறேன். அதற்கான படிகளை ஏறக்குறைய நான் பரிந்துரைக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

கேட்டுப் பழகுங்கள்

இந்த இசைக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறுகிறவர், 1914இல் செய்து முடித்ததைப் புதுமை என்று நினைத்துச் செய்துகொண்டிருப்பார். இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, ஆலைகளும் மோட்டார்களும் எழுப்பும் ஒலிகளை இசைக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1913இல் அறிக்கை வெளியிட்டார். அதோடு நிற்காமல் பெட்டியும் கூம்புக் குழலுமாக இரைச்சல் எழுப்பும் கருவிகளைச் செய்து, மறு வருடம் மிலான் நகரில் கச்சேரியே நடத்தினார். அது கைகலப்பில் முடிந்தது. 1948இல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷாஃபர், ரயில் எஞ்சின்களின் ஒலியை இசைத்தட்டில் பதிந்து, அவற்றை வெட்டியும் சுழற்றியும் இசையாக்கினார். 1975இல் ராக் இசைக்கலைஞர் லூ ரீட், ஸ்பீக்கரில் வரும் ஒலி மீண்டும் கிட்டாருக்குள் புகுந்து எழும் கூச்சலான ஃபீட்பேக்கை மட்டும் வைத்து இரட்டை இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டபோது பலர் அதை ஏமாற்று வேலை என்றார்கள். அதே இசையை 2002இல் பெர்லினில் ஒரு குழு வயலின், சாக்ஸபோன் போன்ற கருவிகளுக்கு எழுதி மேடையில் வாசித்தது. ஏமாற்று வேலையை யாரும் உட்கார்ந்து சுரம் பிரித்து எழுதமாட்டார்கள்.

1979இல் டோக்கியோவில் மசாமி அகிதா 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் இயங்கத் தொடங்கினார். அதே வருடம் 'ஹிஜோகைடான்' குழுவும் உருவானது. உங்கள் ரசனைக்கு இந்த இரண்டும் ஒத்துவராமல் போகலாம், அதனால் குற்றமில்லை. ஆனால் உரத்த ஒலியோடு நின்றுவிடாதீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராதிக், சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவி ஒன்றோடு மட்டும் ஏறக்குறைய முப்பது வருடம் உழைத்து, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவு மெதுவான இசையை உருவாக்கினார். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் தன் பேச்சைப் பதிவு செய்து, அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிந்து, அந்தப் பதிவை மறுபடியும் ஒலிக்கவிட்டு என்று தொடர்ந்தார். கடைசியில் சொற்கள் கரைந்து அறையின் அதிர்வு மட்டும் மிஞ்சியது. இரைச்சல் இசையில் மென்மைக்கும் இடமுண்டு என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்பவர்கள் பின்னாளில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்துவார்கள்.

எப்படிக் கேட்பது? ஒரே இசைத்தட்டை ஒரு வாரம் கேளுங்கள். மிதமான ஒலியளவில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். முதல் முறை எல்லாம் ஒரே சுவராகத் தெரியும். அடுத்தடுத்த முறைகளில் அடியில் ஒரு முழக்கம், நடுவில் கரகரப்பு, மேலே கம்பி போல ஒரு கீச்சொலி என்று அடுக்குகள் பிரியத் தொடங்கும். அவற்றில் எது எப்போது மாறுகிறது என்று நிமிடக் கணக்கோடு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றமுமே கண்ணில் படவில்லை என்றால், அந்த இசைத்தட்டு உங்களுக்கு இப்போதைக்கு ஆகாது, அடுத்ததற்குப் போங்கள்.

காதைக் காப்பாற்றுங்கள்

முதல் பெடல், அதாவது ஒலியை உருமாற்றும் கால்மிதிப் பெட்டி, வாங்குவதற்கு முன் காதடைப்பான் வாங்குங்கள். இதைச் சொன்னால் புதியவர்கள் சிரிக்கிறார்கள், பழையவர்கள் சிரிப்பதில்லை. அவர்களில் பலருக்குக் காதுக்குள் நிரந்தரமாக ஒரு மணி ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி நேரம், 94க்கு 1 மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். சிறிய அறையில் நடக்கும் இரைச்சல் கச்சேரி 100ஐ எளிதாகத் தாண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று தரநிலை வகுத்திருக்கிறது. அந்த ஒரு மாலையில் நீங்கள் வாசிப்பது இருபது நிமிடம்தான். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பதும், கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கும் சேர்ந்தால் மூன்று மணி நேரம்.

பஞ்சு போன்ற நுரை அடைப்பான்கள் காதைக் காக்கும், ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டியோடு செய்யப்படும் அடைப்பான்கள் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால், வாசிக்கும்போது போட்டுக்கொள்ள அவையே ஏற்றவை. வீட்டுப் பயிற்சியை, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற ஒலியளவில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்த மறுநாள் காலையிலும் காது கூவினால் அன்று எதையும் வாசிக்க வேண்டாம். அது இரண்டு நாளில் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒன்றே போதும். புதியவர்கள் செய்யும் வீண் செலவில் பெரும்பகுதி பெடல்களுக்குப் போகிறது. ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்கள் ஏழெட்டை வரிசையாக இணைத்தால் கடைசியில் கேட்பது கடைசிப் பெடலின் குரல்தான். மிகக் குறைந்த செலவில் தொடங்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுமே தொழில்முறைக் கலைஞர்கள் இன்றும் பயன்படுத்துபவை.

முதலாவது கான்டாக்ட் மைக். இது காற்றில் வரும் ஒலியை எடுக்காது; தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வை எடுக்கும். மின்னணு உதிரிபாகக் கடைகளில் 27 மி.மீ. பியஸோ வில்லை என்று கேட்டால் கிடைக்கும். பித்தளை வட்டம், அதன் நடுவில் வெள்ளை நிறப் பீங்கான் பூச்சு. கேபிளின் உள்கம்பியைப் பீங்கான் மீதும், வெளிவலையைப் பித்தளை மீதும் பற்றவைக்க வேண்டும். பீங்கான் மேல் பற்றவைப்புக் கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் மேற்பூச்சு கையோடு உரிந்து வந்துவிடும். ஈயத்தை முதலில் கம்பியில் ஏற்றிக்கொண்டு, பிறகு தொட்டு எடுங்கள். ஆறியதும் மேலே நகப்பூச்சையோ சூட்டுப் பசையையோ தடவி மூடிவிட்டால் ஈரமும் இழுவையும் அதைப் பாதிக்காது. இப்போது அதை ஒரு தகரத் தகட்டில் கவ்வியால் இறுக்கிப் பொருத்தி, நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். காதுக்கே எட்டாத உராய்வு ஸ்பீக்கரில் பாறை உருள்வது போல வரும்.

வராமல் போனால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பியஸோ வில்லை மின்னோட்டத்தைக் கொடுப்பதில் மகா கஞ்சன். பல ஒலிகளைக் கலந்து தரும் மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால், அந்த உள்ளீட்டின் மின்தடை சில ஆயிரம் ஓம் மட்டுமே என்பதால், சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் மெலிந்துபோய்த் தகர டப்பா சத்தம்தான் மிஞ்சும். பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடையுள்ள உள்ளீடு வேண்டும். கிட்டார் ஆம்ப்ளிஃபையர், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'கருவி' என்று குறித்திருக்கும் உள்ளீடு, அல்லது ஒரு பஃபர் பெடல் இவற்றில் எது இருந்தாலும் போதும். அப்போதுதான் அடிக்குரல் திரும்பி வரும்.

இரண்டாவது வழி, உள்ளீடே இல்லாத மிக்ஸர். டோக்கியோவின் தோஷிமாரு நகமுரா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இதை மட்டுமே தன் கருவியாக்கிக்கொண்டார். செய்முறை எளிது. பழைய சிறிய மிக்ஸர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திருகுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மைக்குக்கு 48 வோல்ட் அனுப்பும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியின் ஒரு பகுதியைத் தனியாக வெளியே அனுப்பும் 'ஆக்ஸ் சென்ட்' துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து முதல் சானலின் லைன் உள்ளீட்டில் செருகுங்கள். மெயின் வெளியீடு ஸ்பீக்கருக்குப் போகட்டும், ஆனால் மிகக் குறைந்த அளவில். இப்போது முதல் சானலின் ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, அதன் ஆக்ஸ் திருகை மெல்ல உயர்த்துங்கள். ஓர் இடத்தில் மெல்லிய சீழ்க்கை ஒன்று பிறக்கும். ஈக்வலைசரின் நடுத் திருகை நகர்த்தினால் அதன் சுருதி மாறும். கீழ்த் திருகை ஏற்றினால் அது உறுமலாகவோ துடிப்பாகவோ உடையும். இரண்டாவது ஆக்ஸையும் இரண்டாவது சானலையும் இதேபோல இணைத்து, இரண்டு சுற்றுகளையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவிட்டால், எவரும் எழுதாத ஒரு தாளம் தானாக ஓடத் தொடங்கும். நடுவில், ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே பெடல் ஒன்றை வைத்தால் எல்லாம் நிதானமாகி அலையடிக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதை ஒருபோதும் ஹெட்ஃபோனில் பழகாதீர்கள். சீழ்க்கைக்கும் செவிப்பறையைக் கிழிக்கும் அலறலுக்கும் இடையே திருகில் ஒரு மயிரிழைதான் இருக்கிறது. மெயின் வெளியீட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று இருப்பது மிக நல்லது.

பொம்மைகளையும் பழைய விசைப்பலகைகளையும் திறந்து உள்ளே தடம் மாற்றி இணைக்கும் கலையும் உண்டு. அமெரிக்கரான ரீட் கஸாலா 1960களில், மேசை இழுப்பறையில் கிடந்த பொம்மை ஆம்ப்ளிஃபையர் உலோகத்தில் பட்டுத் தானாகக் கூவியதைக் கேட்டு அதற்கு வழிகாட்டியவர். பேட்டரியில் ஓடும் பொருள்களை மட்டுமே திறக்க வேண்டும். சுவர் மின்சாரத்தில் ஓடும் எதையும் தொடாதீர்கள். கேமரா ஃபிளாஷ், பழைய தொலைக்காட்சி ஆகியவற்றின் உள்ளே, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆளைச் சாய்க்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பயிற்சி

இரைச்சலுக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் விவாதிக்க வேண்டாம். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பழகுங்கள். ஒன்று, நினைத்த ஒலிக்குத் திரும்பிப் போவது. நேற்று கிடைத்த அந்த உறுமலை இன்று அரை நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்தால்தான் அது உங்கள் கையிருப்பு, இல்லையேல் அது தற்செயல். தற்செயலை வைத்துக்கொண்டு பத்தாவது கச்சேரியைத் தாண்ட முடியாது. இரண்டு, மாறுவது. ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாகப் போவது, வெட்டென்று போவது ஆகிய இரண்டும் கைவர வேண்டும். மூன்று, நிறுத்துவது. இதைத்தான் யாரும் பழகுவதில்லை. பெரும்பாலான புதியவர்கள் கச்சேரியை முடிக்கத் தெரியாமல் ஃபேடரை மெல்ல இறக்கி, சங்கடமாகச் சிரித்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். உச்சத்தில் ஒரே அசைவில் எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள். அந்த நொடியில் அறையில் இறங்கும் அமைதியும் உங்கள் இசைதான்.

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, கையின் நினைவு மறைந்த பிறகு கேட்டால்தான் உண்மை தெரியும். வாசிக்கும்போது மெய்சிலிர்த்த இடம் சப்பென்றும், கவனிக்காமல் கடந்துபோன இடம் அற்புதமாகவும் இருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

பதிவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 24 பிட்டில், உச்ச அளவு எல்லைக்கு 6 டெசிபெல் கீழே இருக்கும்படி பதியுங்கள். கரகரப்பு உங்கள் கருவியில் பிறக்கட்டும், பதிவுக் கருவியில் வேண்டாம். முடிந்தால் மிக்ஸரின் வெளியீட்டை ஒரு தடத்திலும், அறையில் வைத்த மைக்கை இன்னொரு தடத்திலும் எடுங்கள். முதலாவதில் கூர்மை இருக்கும், இரண்டாவதில் உடல் இருக்கும்.

முதல் மேடை

மேடை கிடைக்க ஒரே வழி, மற்றவர்களின் கச்சேரிகளுக்குத் தவறாமல் போவதுதான். இந்த வட்டம் சிறியது. பார்வையாளர் பதினைந்து பேர் இருந்தால் அதில் எட்டுப் பேர் இசைக்கலைஞர்களாக இருப்பார்கள். டிக்கெட் வாங்கிப் போங்கள்; முடிந்ததும் கேபிள் சுற்ற உதவுங்கள்; கேசட் ஒன்றை வாங்குங்கள்; பிடித்திருந்தால் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மூன்றாவது நான்காவது முறை, 'நீங்களும் ஏதாவது செய்கிறீர்களா?' என்று அவர்களே கேட்பார்கள். பக்கத்தில் இப்படி வட்டமே இல்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். ஒரு கலைக்கூடமோ, ஒத்திகை அறையோ, கடை மூடிய பின் ஒரு புத்தகக் கடையோ போதும். வேறு இருவரை அழைத்து, அவர்களுக்குப் பிறகே உங்கள் பெயரைப் போடுங்கள். கச்சேரி நடத்துபவருக்குத்தான் பிற ஊர்களிலிருந்து அழைப்பு வரும். இந்த உலகின் பண்டமாற்றே அதுதான்.

நேரம் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். முப்பது கொடுத்தாலும் இருபதில் முடியுங்கள்.

அரங்கின் ஒலிப் பொறியாளரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பார்வையில் நீங்கள் அவருடைய ஸ்பீக்கரைக் கொல்ல வந்தவர். அவர் பயம் நியாயமானது. டிஸ்டார்ஷன் ஏறிய ஒலியில் உயர் அதிர்வெண்கள் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். சாதாரண இசையில் தாளத்துக்குத் தாளம் மூச்சுவிடும் ட்வீட்டர், அதாவது உயர் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர், இங்கே ஓய்வில்லாமல் சூடேறி எரிந்துபோகும். ஆகவே போனதும் அவரிடம் நேராகப் பேசுங்கள். இப்படி:

"வணக்கம். நான் இரைச்சல் இசை வாசிக்கிறேன். என் மிக்ஸரிலிருந்து ஸ்டீரியோ வெளியீடு ஒன்றுதான் வரும். என் பக்கம் லிமிட்டர் இருக்கிறது. முழு நிகழ்ச்சியிலும் வரக்கூடிய உச்ச ஒலியை இப்போதே வாசித்துக் காட்டுகிறேன், அதற்கேற்ப நீங்கள் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டமாட்டேன்."

அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். சொன்னபடி உச்சத்தை வாசித்துக் காட்டுங்கள். சவுண்ட் செக்கில் பம்மிவிட்டு மேடையில் பத்து டெசிபெல் ஏற்றுகிறவரை எந்த அரங்கும் இரண்டாம் முறை அழைப்பதில்லை. ஆம்ப்ளிஃபையரை இயக்குவதற்கு முன் உங்கள் கருவிகளை இயக்குங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையரை முதலில் அணையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு கேபிளிலும் ஒன்று உபரி, கருவியின் ஒலியை அரங்கின் மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் டி.ஐ. பெட்டி, நீட்டிப்பு மின் பலகை, உபரி பேட்டரி, துணி டேப், சிறு கைவிளக்கு, காதடைப்பான் ஒரு கைப்பிடி. கடைசியாகச் சொன்னதை வாசலில் வைத்துப் பார்வையாளர்களுக்குக் கொடுங்கள். உங்கள் இசையை முன்வரிசையில் நின்று கேட்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

1985இல் டோக்கியோவில் 'ஹனதராஷ்' குழுவின் யமாதகா ஐ, கட்டுமான இயந்திரம் ஒன்றை அரங்குக்குள் ஓட்டிவந்து சுவரை இடித்த கதையைச் சீக்கிரமே உங்களுக்கு யாராவது சொல்வார்கள். புகைப்படங்களும் இருக்கின்றன. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அந்தக் குழுவுக்குப் பெரும்பாலான அரங்குகள் கதவைச் சாத்திவிட்டன என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியீடு

முதல் வருடம் எதையும் வெளியிட வேண்டாம். பதிவு செய்து கொண்டே இருங்கள். இரண்டாம் வருடம், இருப்பதில் மிகச் சிறந்த முப்பது நிமிடத்தை எடுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம் ஓடும் கேசட்டுக்கு அது கச்சிதம்.

கேசட் இங்கே பழமைப் பாசம் மட்டும் அன்று. குறைந்த எண்ணிக்கையில், வீட்டிலேயே நகலெடுக்க முடிகிற, கையிலிருந்து கைக்குப் போகிற பொருள் அது. மசாமி அகிதாவின் ஆரம்பகாலக் கேசட்டுகள் தபாலிலேயே உலகம் சுற்றின; 2000இல் அவருடைய இசை 50 குறுந்தட்டுகள் கொண்ட ஒரே பெட்டியாக வரும் அளவுக்குக் குவிந்திருந்தது. அமெரிக்காவின் 'ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ்' என்ற லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், யாரோ தூக்கிப் போட்ட பழைய கேசட்டுகளின் மேலேயே பதிந்து, ஒட்டு டேப்பில் பேனாவால் பெயர் எழுதி ஒரு நீண்ட வரிசையை வெளியிட்டது. பணம் இல்லை என்பது காரணமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேசட்டோடு பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்பனைத் தளத்தில் டிஜிட்டல் வடிவமும் இருக்கட்டும்.

லேபிள்களுக்கு அனுப்பும்போது அந்த லேபிள் வெளியிட்ட மூன்று நான்கு தொகுப்புகளையாவது கேட்டுவிட்டு அனுப்புங்கள். கடிதம் ஐந்து வரி, இணைப்பு ஒன்று. நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அது தெரிந்துவிடும். லேபிள்களோடு வேலை செய்வதற்குச் சுவாரசியமான ஒரு முன்மாதிரி இருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த 'சென்யாவா' என்ற இருவர் குழு, 2021இல் தன் தொகுப்பை உலகெங்கும் உள்ள 44 சிறு லேபிள்கள் வழியாக ஒரே சமயத்தில் வெளியிட்டது. ஒவ்வொரு லேபிளும் தன் விருப்பப்படி அட்டையை வடிவமைத்துக்கொண்டது. பெரிய நிறுவனம் ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிட இது பன்மடங்கு புத்திசாலித்தனம்.

இரண்டு தொழில்நுட்பச் சங்கதிகள். ஸ்பாடிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சராசரி ஒலியளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. இடைவெளியே இல்லாமல் உச்சத்தில் நிற்கும் உங்கள் இரைச்சலை அவை நன்றாக இறக்கிவிடும். பக்கத்துப் பாடலைவிட அது பூனைக்குட்டியாகக் கேட்கும். அமைதியான இடங்களை விட்டுவைத்தால் மட்டுமே உரத்த இடம் உரத்ததாகக் கேட்கும். மற்றொன்று, காணொளித் தளங்களின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனை. 2018 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் ஒருவர் யூடியூப்பில் ஏற்றியிருந்த 10 மணி நேர வெண்ணிரைச்சலுக்கு, அதாவது எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த இரைச்சலுக்கு, ஐந்து பதிப்புரிமைக் கோரிக்கைகள் வந்திருந்தன. இயந்திரத்துக்கு ஓர் இரைச்சலும் இன்னோர் இரைச்சலும் ஒன்றுதான். உங்கள் மூலப் பதிவுகளைத் தேதியோடு வைத்திருந்தால் மறுப்புத் தெரிவிப்பது எளிது.

பணம்

கச்சேரிப் பணம் பயணச் செலவுக்குச் சரியாகப் போகும். கேசட் விற்ற பணம் அடுத்த கேசட்டுக்குப் போகும். கையில் நிற்கும் பணம் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து வருகிறது.

அந்தப் பக்கவாட்டுகளில் மூத்தது நடனம். டேவிட் டூடர் என்ற பியானோ கலைஞர் மின்னணுக் கருவிகளின் பக்கம் திரும்பி, 1968இல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுக்காக, சாதாரணப் பொருள்களையே ஸ்பீக்கராக்கிப் பேசவைத்த படைப்பு ஒன்றைச் செய்தார். அது பிறகு நிறுவல் கலையாகவும் வளர்ந்தது. நடன இயக்குநர்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் மெட்டு இல்லாத, ஆனால் பதற்றமும் எடையும் உள்ள ஒலி எப்போதும் தேவைப்படுகிறது. அவர்களுடைய ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். திரைப்படமும் அப்படித்தான். 1956இல் ஹாலிவுட் படம் ஒன்றுக்காக லூயி பாரன், பெபே பாரன் தம்பதி, மின்சுற்றுகளை அளவுக்கு மீறி ஓடவிட்டு அவை கருகிச் சாகும் ஒலிகளைப் பதிந்து முழுப் பின்னணியையும் அமைத்தார்கள். அதை 'இசை' என்று படத்தின் பெயர்ப் பட்டியலில் போடக்கூட முடியவில்லை. 'மின்னணுத் தொனிகள்' என்றுதான் போட்டார்கள். இன்று ஒலி வடிவமைப்பு தனித் துறை. பதிவும் தொகுப்பும் கற்ற இரைச்சல் கலைஞருக்கு அங்கே வேலை உண்டு.

கான்டாக்ட் மைக் செய்யக் கற்றுக்கொடுக்கும் இரண்டு மணி நேரப் பட்டறை, பல நேரங்களில் மூன்று கச்சேரிகளைவிட அதிகம் தரும். ஸ்டாக்ஹோமின் ஈ.எம்.எஸ். போன்ற மின்னணு இசை நிலையங்கள் வெளிக் கலைஞர்களுக்குத் தங்கிப் பணியாற்ற இடம் தருவதுண்டு. விண்ணப்பத்தில் தத்துவம் பேசுவதைக் குறைத்து, என்ன செய்யப் போகிறீர்கள், எந்தக் கருவி, எத்தனை நாள், முடிவில் கையில் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். பத்து நிமிட ஒலிமாதிரி கேட்டால் மிக வலுவான பகுதி முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். தேர்வுக் குழுவினர் முழுதும் கேட்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

மேடையேறக் காசு கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்றால் எத்தனை பங்கு, எந்தச் செலவு கழித்து என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். நீங்களே நடத்தும் கச்சேரி என்றால் வாசிக்க வந்தவர்களுக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. உங்கள் நாட்டின் பதிப்புரிமைச் சங்கத்தில் படைப்புகளைப் பதிவு செய்யுங்கள். வானொலியிலும் அரங்கிலும் ஒலிக்கும்போது சிறு தொகையாவது வந்து சேரும்.

அட்டைப் படம் பற்றி ஒரு சொல்

இந்த இசையின் ஒரு கிளை, ஆரம்பத்திலிருந்தே கொலைகாரர்கள், சித்திரவதை, பாசிசச் சின்னங்கள் என்று அட்டையில் போட்டு அதிர்ச்சி காட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அது துணிச்சலாகத் தெரியும். எனக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. ஒலியால் செய்ய முடியாததை ஒரு பிணத்தின் படம் செய்துவிடும் என்ற நம்பிக்கைதான் அது. அதோடு, அந்தப் படம் இருபது வருடம் கழித்தும் உங்கள் பெயரோடு வரும். அரங்க நிர்வாகி முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான். பெயர் தேர்வு செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். வேறு யாரும் வைத்திருக்காத, எழுத்துக்கூட்டிச் சொல்லக்கூடிய பெயராக இருக்கட்டும்.

சேமிப்பு

ஒவ்வொரு பதிவின் கோப்புப் பெயரிலும் தேதி, இடம், கருவி மூன்றும் இருக்க வேண்டும். இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மிக்ஸரின் திருகுகள் நின்ற நிலையை ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் கைப்பேசியில் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். கேசட்டின் மூலப் பிரதியைக் காந்தத்துக்கு அருகில், அதாவது ஸ்பீக்கரின் தலைமேல், வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் அங்கேதான் வைக்கிறார்கள்.